கழுத்து இல்லாமல் வந்த கிட்டார்

நுவாக்சொட்
15 பிப்ரவரி 1997

அன்புத் தங்கை தெக்பெருக்கு,

ஸலாம். உன் உடம்பு நலமா, தொண்டை நலமா, கூடப் பாடும் பெண்கள் நலமா, நுவாதிபுவின் கடலும் காற்றும் நலமா? இங்கே நாங்கள் இருவரும் நலம், உம்மாவின் முழங்காலைத் தவிர.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நீ அனுப்பிய மாவுச் சாக்கின் தையலைப் பிரித்தேன். நேற்று மாலை முபாரக் அதை வாசலில் இறக்கிவைத்து, "டீச்சரம்மா, உங்க தங்கச்சி ஆட்டுத் தொடை மாதிரி என்னமோ குடுத்தாங்க. வழியெல்லாம் அலை அடிச்சுது, ஒரு சொட்டு படாம கொண்டாந்திருக்கேன். டீ உண்டுல்ல?" என்றார். நம் வழக்கப்படி மூன்று சுற்று டீயும் குடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார். உன் ஊருக்கும் இங்கேயும் நடுவில் சாலை கிடையாது, கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரையோரமாகவே ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டுகிறவரிடம் எப்படி இல்லை என்பது?

சாக்குக்குள் ஒரு மின்கிட்டாரின் உடல். உடல் மட்டும். கழுத்தும் இல்லை, கம்பியும் இல்லை. பெயின்ட் உப்புக்காற்றில் பொரிந்து உரிந்திருந்தது. உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தலையில்லாத கோழி மாதிரி இருக்கு. மூடி வை" என்றார்.

உன் சீட்டில் ஒரே வரி: "அக்கா, பெட்டிக்குத் துணி போர்த்தினாயே, அதுபோல இதற்கும் போர்த்திக் கொடு." யெஸ்லெமும் நானும் பிரிவதற்கு முன் குடித்தனம் செய்த வீட்டில் அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பூப்போட்ட துணி ஒட்டினேன். அதை நீ இன்னும் நினைவில் வைத்திருப்பது ஆச்சரியம்தான்.

செய்கிறேன். பாடகர் வீட்டில் பிறந்து, பாடாமல், பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்தப் போனவள் நான். நம் வீட்டுத் தொழிலுக்கு என் கையால் இதுவாவது ஆகட்டும். ஆனால் கிட்டார் யாருடையது, எந்தத் துணி, கழுத்து எங்கே என்று எழுது. கழுத்து செருகும் பள்ளத்தில் ஒரு நூல் துணி ஏறினாலும் கம்பி உயர்ந்துவிடும். வாசிப்பவர் என்னைத்தான் திட்டுவார்.

உம்மா உனக்குத் துஆ சொல்கிறார்.

உன் அக்கா,
சல்கா

*

நுவாதிபு
27 பிப்ரவரி 1997

என் அக்கா சல்காவுக்கு,

ஸலாம். நீ கேட்ட எல்லாமே நலம். காற்றில் மட்டும் மீன் நாற்றம். உம்மாவின் முழங்காலுக்கு ஒட்டகக் கொழுப்பு அனுப்பியிருக்கிறேன், சூடாக்கித் தேய்த்துவிடு. "பாட்டுக்காரி அனுப்பின கொழுப்பு, அவளை மாதிரியே வழுக்குது" என்று சொல்வார், சொல்லட்டும்.

கிட்டார் நம் குழுவுக்கு. லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த ஒருவரிடம் உடலை மட்டும் வாங்கினோம். கழுத்து இங்கே தச்சரிடம் இருக்கிறது, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ஜூன் மாதம் ஒரு கல்யாணத்தில் வாசிக்க வேண்டும். யாருடைய கல்யாணம் என்று கேட்காதே, பெண் வீட்டார் வெளியே சொல்ல விரும்பவில்லை.

துணி உன் விருப்பம். கல்யாணத்துக்கு என்பதால் நீலமாக இருந்தால் நல்லது. உன்னைப் போல் துணியைத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை.

தங்கை,
தெக்பெர்

*

நுவாக்சொட்
14 மார்ச் 1997

அன்புத் தெக்பெருக்கு,

ஸலாம். நலமா? உன் கொழுப்பு நலம் செய்தது. உம்மா நீ எழுதியதையே வார்த்தை மாறாமல் சொல்லிவிட்டுத் தேய்க்கக் காலை நீட்டினார்.

நீலத்துக்காக மூன்று மாலை சந்தையைச் சுற்றினேன். இப்போது வருவது நீலமே இல்லை, தொழிற்சாலைச் சாயம். நம் அசல் நீலம் தொட்டாலே தோலில் ஏறுமே. விரலால் தேய்த்தேன். ஒட்டவில்லை.

கடைக்காரியிடம், "இது தோல்ல ஏறாதா?" என்றேன்.

"ஏறாததுதாம்மா இப்ப கிராக்கி. புருஷன்மாருக்கு அங்கி அழுக்காகுதாம்."

"அப்ப அங்கியை விட்டுட்டு புருஷனை மாத்தச் சொல்லு."

"அதான் நீங்க புருஷனையே விட்டுட்டு வந்துட்டீங்களே, உங்களுக்கென்ன!" என்று அவள் சிரிக்க, பக்கத்துக் கடைக்காரிகளும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்தேன். என் கல்யாண நீலத் துணி அடியில் இருந்தது. பதினேழு வருடம் ஆகியும் மடிப்பைப் பிரித்தவுடன் விரல் நீலமாகிவிட்டது. நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்கு மறுநாள் காலை நம் வீட்டுப் பெண்கள் கூடி யெஸ்லெமின் வெள்ளை அங்கியின் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். மணப்பெண்ணின் நீலம் அதில் ஏறியிருந்தது; இருவரும் ஒன்றுசேர்ந்ததற்கு அதுதானே சாட்சி. முதல் குலவை உன்னுடையது. பதினைந்து வயது உனக்கு, நிறுத்தவே மாட்டேன் என்றாய்.

அந்தத் துணியைத்தான் இதற்கு எடுத்திருக்கிறேன். பெட்டிக்குள் கிடந்து யாருக்கு என்ன பயன்? எந்தப் பெண்ணின் கல்யாணமோ, அவளுக்கு நல்ல நீலம் கிடைக்கட்டும்.

உம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"அதை வெட்டாதே."

"ஏன் உம்மா?"

"வெட்டாதேன்னா வெட்டாதே. காரணம் கேக்க இது உன் பள்ளிக்கூடமா?"

முதலில் ஒரு பெரிய தவறு செய்தேன். கையகலம் வெட்டி, ஒரு பலகையில் பசை தடவி ஒட்டி, வார்னிஷ் பூசினேன். பிரஷ் நீலம், வார்னிஷ் டப்பா நீலம், முழங்கை வரை நான் நீலம். நாம்தான் நீலத் துணியைக் கழுவுவதே இல்லையே. கழுவினால் அதன் அழகே போய்விடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள். கழுவ வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எங்கிருந்து வரும்? மறுநாள் வகுப்பில் பெண்கள், "டீச்சர், கல்யாணமா?" என்று கேட்டார்கள்.

பிறகு துணியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை உப்பும் வினிகரும் போட்டு ஏழு தண்ணீரில் கழுவினேன். நிறம் நின்றது. மினுமினுப்பு போய்விட்டது. மறு பாதியைக் கழுவ மனம் வரவில்லை, அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

கழுத்தின் அளவையாவது அனுப்பு.

சல்கா

*

நுவாக்சொட்
10 ஏப்ரல் 1997

தெக்பெருக்கு,

ஸலாம். நலமா? நான் எழுதி நான்கு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. முபாரக் இரண்டு முறை வெறுங்கையுடன் வந்தார். தொண்டைக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது.

வேலை நடக்கிறது. பழைய பெயின்டைத் தேய்த்து எடுத்து, மெல்லிய துணியின் அடியில் மரம் தெரியாமலிருக்க முழுவதும் கறுப்பு அடித்தேன். பசையைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி ஒட்டினேன். கிட்டாரின் இரண்டு கொம்புகளும் வளைகிற இடங்களில் துணி சுருங்குகிறது. அங்கே சிறு சிறு வெட்டுகளாக வெட்டி மடிக்க வேண்டியிருந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்தன. வார்னிஷ் காய்வதற்குள் மணல் வந்து ஒட்டுகிறது என்று கொசுவலையை நனைத்துக் கட்டி, அதற்குள் உட்கார்ந்து பூசுகிறேன். உம்மா அந்தப் பக்கமே வருவதில்லை.

இனி சுற்றுப் பக்கத்தின் பட்டைதான் பாக்கி. கழுத்தைச் செருகிப் பார்த்த பிறகு அதை ஒட்டினால்தான் சரியாக இருக்கும். அனுப்பு.

முபாரக் சொன்னார்: "உங்க தங்கச்சி வீட்டுக்குப் புதுப் பாயும் மெத்தையுமா ஏத்திட்டுப் போறேன் டீச்சரம்மா. கிளாஸ் மட்டும் நாலு டஜன்!" வீடு மாறுகிறாயா?

சல்கா

*

நுவாதிபு
22 ஏப்ரல் 1997

அக்கா,

ஸலாம். நான் நலம். பெருநாளுக்கு ஓய்வில்லாமல் பாடினேன், அதனால் எழுத முடியவில்லை.

அந்தத் துணி வேண்டாம். உரித்து எடுத்துவிடு. நான் வேறு துணி அனுப்புகிறேன். உன் கல்யாணத் துணி உன்னிடமே இருக்கட்டும். கழுத்தும் வேண்டாம், இங்கேயே பார்த்துக்கொள்வோம்.

கோபித்துக்கொள்ளாதே.

தெக்பெர்

*

நுவாக்சொட்
3 மே 1997

அன்புத் தெக்பெருக்கு,

ஸலாம். நீ நலம் என்று எழுதியதால் நம்புகிறேன்.

ஒட்டிய துணியை உரித்தால் கந்தலாகத்தான் வரும். உரிக்கவும் நான் விரும்பவில்லை. என் மனம் புண்படும் என்று நினைக்கிறாய், அது எனக்குப் புரிகிறது. யாருமே என்னிடம் யெஸ்லெமின் பெயரைச் சொல்வதில்லை. கண்ணாடிப் பாத்திரம் போல என்னைச் சுற்றி நடக்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தத் துணியில் கத்தரியை இரண்டு முறை வைத்து எடுத்த பிறகுதான் வெட்டினேன். வெட்டி முடித்ததும் லேசாக இருந்தது.

எங்கள் பிரிவில் சண்டை இல்லை. பள்ளியை விட்டு நான் போகவில்லை, கடலோரத்து மேடைகளை விட்டு அவர் வரவில்லை. நான் திரும்பி வந்த நாளில் நம் வழக்கப்படி விருந்து வைத்தீர்கள். நீ மத்தளத்தைத் தட்டி, "என் அக்கா விடுபட்டு வந்தாள், வாசலைத் திறங்கள்" என்று அந்த நேரத்திலேயே கட்டிப் பாடினாய். எல்லாப் பெண்களும் ஆடினார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில், எனக்கு அழுகை வருகிறது என்று தெரிந்து முக்காட்டை என் முகத்தில் இழுத்துவிட்டவள் நீ ஒருத்திதான். அதை மறக்கவில்லை.

அவர் லாஸ் பால்மாஸில் நன்றாக இருந்தால் சரி. நீ சொல்லித்தான் அவர் அங்கே போனது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்டதில்லை.

ஆகவே துணி இருக்கட்டும். கழுத்தை அனுப்பு. இதோடு மூன்றாவது முறையாக முபாரக்கிடம் சொல்லியனுப்புகிறேன்.

சல்கா

*

நுவாதிபு
14 மே 1997

என் தங்கமான அக்காவுக்கு,

ஸலாம், ஆயிரம் ஸலாம். நீ நலமா, உன் கண் நலமா, உன் மாணவிகள் நலமா, உம்மா நலமா, வீட்டுச் சுவர்கூட நலமா? காய்ந்த மீனும் சர்க்கரைக் கூம்பும் தேயிலையும் அனுப்பியிருக்கிறேன். உனக்கு ஒரு புது மெல்ஹ்ஃபாவும் இருக்கிறது. பச்சை நிறம், உடுத்தினால் பத்து வயது குறைந்துவிடுவாய்.

துணி இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். ஜூன் ஐந்தாம் தேதிக்குள் முபாரக்கிடம் கொடுத்துவிடு. கல்யாணம் பத்தாம் தேதி. நீ வரவேண்டும் என்று ஆசைதான். ஆனால் கடற்கரை வழி உன் முதுகுக்கு ஆகாது, உம்மாவையும் தனியே விட முடியாது. வர வேண்டாம் அக்கா.

கழுத்து வேண்டாம்.

உன் தெக்பெர்

*

நுவாதிபு
21 மே 1997

நுவாக்சொட்டில் துணி வேலை செய்யும் மேஸ்திரிக்கு,

ஸலாம் அலைக்கும். கழுத்து வேண்டும் என்று நீங்கள் மூன்று முறை கேட்டதாக வண்டிக்காரர் முபாரக் சொன்னார். பெண் வீட்டில் என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, மன்னிக்கவும். சாக்கில் கட்டி அவரிடமே கொடுத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளில் ஏழாவது சற்றுக் கோணலாக இருக்கும். அதை நேராக்கிவிடாதீர்கள். அது அப்படியே இருக்க வேண்டும்.

அல்லாஹ் உங்கள் கைக்கு நலம் தரட்டும்.

யெஸ்லெம்

*

நுவாக்சொட்
24 மே 1997

தெக்பெருக்கு,

ஸலாம்.

கழுத்து வந்தது. பள்ளத்தில் சரியாகப் பொருந்துகிறது. ஏழாவது மெட்டைத் தொடவில்லை.

சுற்றுப் பட்டையும் கடைசிப் பூச்சும் பாக்கி. ஐந்தாம் தேதி முபாரக்கிடம் கொடுக்கிறேன்.

சல்கா

*

நுவாதிபு
1 ஜூன் 1997

அக்கா,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். உன் கடிதத்தில் நீ நலம் கூடக் கேட்கவில்லை.

அவர் போன வருடம் லாஸ் பால்மாஸிலிருந்து திரும்பி வந்தார். குழுவுக்குக் கிட்டார்க்காரர் இல்லாமல் இருந்தது. ஒரே மேடை, ஒரே வண்டி, ஒரே பாட்டு. உன் விருந்தில் நான் பாடியபோது என் மனத்தில் எதுவும் இல்லை, இதை மட்டும் நம்பு. நீயும் அவரும் நான்கு வருடம் முன்பே பிரிந்தவர்கள். மார்க்கத்தில் தடையில்லை என்று இமாமும் சொன்னார். உம்மாவிடம் ஜனவரியிலேயே கேட்டுவிட்டேன். உனக்கு உம்மா சொல்வார் என்று நான் இருந்தேன், நான் சொல்வேன் என்று உம்மா இருந்தாராம்.

துணி வேலை உன்னுடையது என்று அவருக்குத் தெரியாது. ஒரு மேஸ்திரி என்றுதான் சொல்லியிருக்கிறேன், முபாரக்கையும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தால் அந்தக் கிட்டாரை அவர் கையால் தொடமாட்டார். வேறு யாரிடமும் கொடுத்திருக்கலாம். ஆனால் என் கல்யாணத்தில் உன் கை எங்காவது இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. அது தப்பா?

பத்தாம் தேதி அவர் வெள்ளை அங்கியில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்க அதை வாசிப்பார். என்னுடைய நீலம் சந்தையில் வாங்கியது. ஒட்டாது என்று நீதான் எழுதினாயே. மறுநாள் காலை பெண்கள் அங்கியைத் தூக்கிப் பார்த்து என்ன சொல்வார்களோ என்று இப்போதே பயமாக இருக்கிறது, சிரிக்காதே.

நீ படித்தவள். என்னை மன்னித்துவிடு.

தெக்பெர்

*

நுவாக்சொட்
4 ஜூன் 1997

தெக்பெருக்கு,

இந்தக் கடிதத்தை முபாரக்கிடம் கொடுக்கப் போவதில்லை. இருந்தாலும் உனக்கு எழுதியே பழகிவிட்ட கை.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உம்மாவிடம் கேட்டேன்.

"தெரிஞ்சே ஏன் உம்மா சும்மா இருந்தீங்க?"

"துணியை வெட்டாதேன்னு சொன்னேனே."

"அது சொன்னதா?"

"வேற எப்படிச் சொல்றது? நீ படிச்சவ, தாங்கிக்குவே. அவ தாங்கமாட்டா."

"நான் தாங்கிக்குவேன்னு யார் உங்களுக்குச் சொன்னது?"

உம்மா முழங்காலைத் தடவிக்கொண்டார். "டீயைப் போடு" என்றார். போட்டேன். மூன்று சுற்று, முறைப்படி.

நீ அவரை எடுத்துக்கொண்டாய் என்று எனக்குக் கோபமா என்று இந்தப் பதினொரு நாளும் என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. அவர் என்னுடையவர் இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஊரைக் கூட்டி ஆடி அறிவித்த பிரிவு. நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "அக்கா, நான் யெஸ்லெமைக் கட்டப் போகிறேன்" என்று பிப்ரவரியில் எழுதியிருந்தால், ஒரு வாரம் அழுதிருப்பேன். பிறகு அதே துணியை நானே எடுத்து உனக்குக் கொடுத்தாலும் கொடுத்திருப்பேன். நீ என்னிடம் வேலை வாங்கினாய். என் கல்யாணத்தை என் கையாலேயே ஏழு தண்ணீரில் கழுவ வைத்துவிட்டு, உன் மேடையில் என் பெயரை ஒரு மேஸ்திரியாக்கிவிட்டாய். கை மட்டும் வேண்டும் உனக்கு. கைக்கு உரியவள் முதுகு வலியோடு வீட்டில் இருக்க வேண்டும்.

அந்த ஏழாவது மெட்டு என் கையால் கோணியது. எங்கள் வீட்டு முற்றத்தில் சைக்கிள் கம்பியை ராவி, நம் பாட்டுக்கு வேண்டிய கால் சுரங்களுக்காக நாங்கள் இருவரும் பதித்த மெட்டுகள் அவை. ஏழாவதைத் தட்டும்போது சுத்தி நழுவியது. "இது உன் கையெழுத்து, இருக்கட்டும்" என்று சிரித்தார். சாக்கைப் பிரித்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். அவருடைய சீட்டைப் பிறகுதான் படித்தேன். அதை அப்படியே வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பட்டையை நேற்று ஒட்டிவிட்டேன். சுற்று முழுவதும் கழுவிய துணி, ஒரு சாண் இடம் தவிர. மேல் விளிம்பில், வாசிப்பவரின் வலது கை படியும் அந்த ஒரு சாணுக்குக் கழுவாத பாதியிலிருந்து வெட்டி ஒட்டினேன். அது மட்டும் மினுங்குகிறது. பழைய துணி, வெளிச்சம் அப்படி விழுகிறது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஒட்டும்போது எனக்கே ஏன் என்று தெரியவில்லை. வார்னிஷ் போட்டு மூடிவிட்டால் அதுவும் வெறும் துணிதானே என்று சொல்லிக்கொண்டேன்.

இன்று மதியம் கொசுவலையை நனைத்துக் கட்டிக் கடைசிப் பூச்சுக்கு உட்கார்ந்தேன். முன்பக்கம் பூசினேன். பின்பக்கம் பூசினேன். கீழ் விளிம்பு, கொம்புகளின் உட்பக்கம், கழுத்தை ஒட்டிய ஓரம் எல்லாம் பூசினேன். பிரஷ் அந்த ஒரு சாணுக்கு வந்ததும் நின்றது.

பத்தாம் தேதி அவர் வாசிக்கட்டும். வெப்பத்தில் கை வியர்க்கும். உன் சந்தை நீலம் அவர் மேல் ஒட்டாது. விடிந்ததும் பெண்கள் வந்து அங்கியின் வலது கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். முழங்கை வரை நீலம் ஏறியிருக்கும், நல்ல பழைய நீலம். குலவை கடல் வரை கேட்கும். வாழ்த்துவார்கள், உன்னை அணைத்துக்கொள்வார்கள், நீயும் சிரித்தாக வேண்டும். அது யாருடைய நீலம் என்று அங்கே உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நீயும் யாரிடமும் சொல்லமாட்டாய்.

உம்மா வலைக்கு வெளியே நின்று, "முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது" என்றேன்.

பிரஷ்ஷை டர்பென்டைனில் கழுவி, டப்பாவை மூடி இறுக்கிவிட்டேன்.